கையெழுத்து மட்டும்

நல்லாப் பாடம் நடத்த எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேக்கீங்க. விழா மலர்ல போடுததுக்கு ரெண்டு வரி போதும்னா, பயிற்சிப் பள்ளியில கத்துக்கிட்டேன்னு எழுதிக்கிடுங்க தம்பி. ரிட்டயர் ஆகுத அன்னைக்கு மேடையில வாசிக்க அது நல்லாத்தான் இருக்கும். ஆனா நீங்க ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க. மழை வேற விட்டபாடில்ல. உக்காருங்க. நடந்ததச் சொல்லுதேன். எழுத வேண்டாம், கேட்டாப் போதும்.

பயிற்சிப் பள்ளியில ரெண்டு வருஷம் படிச்சேன், இல்லைங்கல. அட்டையில படம் வெட்டி ஒட்டத் தெரியும், பாடக்குறிப்பு எழுதத் தெரியும். பாடம் நடத்தத்தான் தெரியாது. தெரியாதுங்கிறதும் தெரியாது. இருபத்தோரு வயசு. சாக்பீஸைக் கையில எடுத்துட்டா நான்தான் பெரிய ஆளுன்னு நெனப்பு.

வேலைக்குப் பதிஞ்சுட்டு வீட்ல சும்மா இருந்தேன். அப்போ ஊரூருக்குப் பெரியவங்களுக்கான எழுத்தறிவு வகுப்பு போட்டாங்க. எங்க ஊரு நாச்சியார்குளத்துக்கு என்னைய டீச்சர்னு சொன்னாங்க. சம்பளம் கிடையாது. ஆனா டீச்சர்னு கூப்பிடுவாங்கள்லா, அது போதும்னு இருந்துச்சு எனக்கு.

எங்க ஊர்ல பொம்பளைங்க எல்லாரும் பீடி சுத்துதவங்க. மத்தியானம் மூணு மணிக்கு ரேஷன் கடைக்குப் பின்னாடி உள்ள கொட்டகையில வகுப்பு. இருவது பேரு. மடியில சொளகை வச்சு, இலையும் தூளும் போட்டுக்கிட்டு வருவாங்க. ஒருநாளைக்கு ஆயிரம் பீடி குடுக்கணும், கை எப்படி நிக்கும்? கை பீடிக்கு, கண்ணு மட்டுந்தான் எனக்கு. போர்டுல ஒரு எழுத்தை எழுதிட்டுத் திரும்பிப் பாத்தா, இருவது பேரும் என்னையப் பாத்துக்கிட்டே சுத்திக்கிட்டு இருப்பாங்க.

அதுல ஒருத்தங்கதான் பூலம்மாக்கா. முப்பது, முப்பத்திரெண்டு வயசு இருக்கும். வீட்டுக்காரரு சங்கரபாண்டி, அரிசி மில்லுல வேலை. ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க. சின்னவ செண்பகவல்லி, அப்போ அவளுக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடியாந்து அம்மா முதுகுல சாஞ்சுக்கிட்டு என் பாடத்தக் கேப்பா. அம்மாவுக்கு முந்திப் பதிலும் சொல்லிருவா. அந்த அக்கா முழங்கையால லேசா இடிச்சு, "ஏட்டி, எனக்கு மிச்சம் வையிட்டி"ம்பாங்க.

பூலம்மாக்கா ரொம்ப உஷாரு. ஒரு தாளை யாரு நீட்டினாலும், வாசிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளை நிறுத்தி, மேலேர்ந்து கீழ வரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் பெருவிரலை மையில வைப்பாங்க. பீடிக் கடைக்காரரே சலிச்சுக்கிடுவாரு. "ஏம்மா, உன் சொத்தையா எழுதி வாங்கப் போறேன்?"ன்னா, "எனக்குத் தெரியாதுல்லா அண்ணாச்சி, அதுனால கேக்கேன்"ம்பாங்க. தெரியாதுன்னு சொல்லுததுக்கு அவங்களுக்கு வெக்கமே கெடையாது அப்போ.

ஆறு மாசம் ஓடிட்டு. மேற்பார்வை பாக்குத சார் ஒருத்தரு சைக்கிள்ல வந்தாரு. இன்னும் ரெண்டு வாரத்துல பரீட்சை, எத்தனை பேரு தேறுவாங்கன்னு கேட்டாரு. என்ன சொல்ல? அ, ஆ, ப, ட, ம தாண்டி யாருக்கும் வரல. நான் கொம்பும் காலும் போட்டுத் திணறிக்கிட்டு இருந்தேன். அவரு நல்ல மனுஷன்தான், என் முகத்தப் பாத்துட்டு, "கையெழுத்துப் போடுவாங்களாம்மா? அது வந்துட்டாலே பாதிக் கெணறு தாண்டின மாதிரி"ன்னுட்டுப் போயிட்டாரு.

நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன். இருவது பேருக்கும் அவங்கவங்க பேரு. அவ்வளவுதான் பாடம். எழுத்தாச் சொல்லிக் குடுக்கல, கோலம் மாதிரிச் சொல்லிக் குடுத்தேன். இங்க ஒரு சுழி, இங்கேர்ந்து இழு, இங்க ஒரு புள்ளி. பின்னால உக்காந்து கையைப் பிடிச்சு எழுத வச்சேன். 'பூலம்மாள்'னு எழுதணும். கடைசியில 'ள்' அவங்களுக்குக் கோணிக்கிட்டே போச்சு. "அது வேண்டாம்க்கா, பூலம்மான்னே போடுங்க"ன்னு அதையும் வெட்டிட்டேன்.

அவங்கதான் கேட்டாங்க. "டீச்சர், எம் பேரு மட்டும் போதாதுல்லா. அடுத்தவன் எழுதுனதை வாசிக்கணும்லா?"

"மொதல்ல கையெழுத்து வரட்டும்க்கா. மத்ததெல்லாம் தானா வந்துரும்"னு சொன்னேன்.

தானா எதுவும் வராது தம்பி. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு பிள்ளைக்கும் தானா வந்து நான் பாக்கல.

பரீட்சைத் தாளை நானே எழுதினேன். இருவதையும். சாயங்காலம் வீட்ல உக்காந்து, இடது கையால கொஞ்சம், வலது கையால கொஞ்சம். அவங்க கீழ கையெழுத்துப் போட்டாங்க. எல்லா ஊர்லயும் இப்படித்தான் இருந்திருக்கும்னு நெனச்சேன். இருந்துச்சா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

சான்றிதழ் குடுக்க விழா வச்சாங்க. பூலம்மாக்காவ மேடைக்குக் கூப்பிட்டு போர்டுல பேரை எழுதச் சொன்னாங்க. எழுதிட்டுத் திரும்பினாங்க பாருங்க, அந்த முகம்... ஊரே கை தட்டுச்சு. எனக்கும் தட்டுச்சு. மறுநா ரேஷன் கடையில மைப்பெட்டிய நகத்தி வச்சிட்டு, "பேனா குடுங்க"ன்னு கேட்டாங்களாம். நாலு நாளைக்கு இதே பேச்சு.

அந்த ஜூன் மாசம் செண்பகத்தைத் தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சங்கரபாண்டியோட அக்கா தெய்வக்கனி அங்க இருந்தா. அவ வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துல வேலை. பிள்ளை கெடையாது. சங்கரபாண்டிக்கு ஆத்தா சின்னதுலயே செத்துப்போச்சு, அந்த அக்காதான் இடுப்புல தூக்கி வளத்தவ. அவ கேட்டா இவரு மாட்டேன்னு சொல்லமாட்டாரு. "அங்க நல்ல பள்ளிக்கூடம். ஒரு வருஷம் படிக்கட்டும், பொறவு பாப்போம்"னு பொண்டாட்டிகிட்டச் சொல்லியிருக்காரு. பூலம்மாக்காவும் அரை மனசா அனுப்பிட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு, அத்தை வீட்ல தங்கிப் படிக்கதுக்கு பள்ளிக்கூடத்துல பத்திரம் கேக்காங்கன்னு சொல்லி அவங்களைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு.

காலாண்டுப் பரீட்சை லீவு வந்துச்சு, பிள்ளை வரல. பூலம்மாக்காவே கூட்டிட்டு வரலாம்னு தூத்துக்குடிக்குப் போனாங்க. மறுநா காலையில எங்க வீட்டு வாசல்ல நின்னாங்க. தலை சீவல. மடியிலேர்ந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நீட்டினாங்க.

"டீச்சர், இதை வாசிச்சுச் சொல்லுங்க. மதினி என்னமோ சொல்லுதா. எனக்கு நம்பிக்கை இல்ல."

வாங்கி வாசிச்சேன். 'எங்கள் இளைய மகள் செண்பகவல்லியை மனப்பூர்வமாகத் தத்துக் கொடுத்துவிட்டோம். இன்று முதல் குழந்தையின் மேல் எங்களுக்கு எவ்வித உரிமையும் கிடையாது. இதனைப் படித்துப் பார்த்து, சம்மதித்துக் கையொப்பம் இட்டிருக்கிறோம்.' கீழ பாத்தேன். பூலம்மா. 'ள்' இல்லாம. நான் சொல்லிக் குடுத்த அதே சுழி, அதே இழுப்பு.

அவங்க அழல. "படித்துப் பார்த்துன்னா போட்டிருக்கு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

"ஆமாக்கா. நீங்க ஏங்க்கா யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேக்கல? எப்பவும் கேப்பீங்கள்லா?"

என்னைய நிமிந்து பாத்தாங்க. "பத்திரம் எழுதுதவரு கேட்டாரு, கைநாட்டா கையெழுத்தான்னு. கையெழுத்துன்னேன். தலைய நிமித்திச் சொன்னேன் டீச்சர். கைநாட்டுன்னாத்தான் வாசிச்சுக் காட்டணும், நீங்க படிச்சவங்க, பாத்துப் போடுங்கன்னு தாளை நீட்டிட்டாரு. சுத்தி அத்தனை ஆம்பளைங்க நிக்காங்க. எனக்குப் பேரு எழுத மட்டுந்தான் தெரியும்னு எப்படிச் சொல்ல?"

எங்க அம்மா காப்பி கொண்டு வந்து வச்சா. ஆறிப் போச்சு.

பூலம்மாக்கா விடல. நகை ஒண்ணு இருந்ததை வித்து டவுணுல ஒரு வக்கீலைப் போயிப் பாத்தாங்க. வக்கீலு சொல்லியிருக்காரு: "கையெழுத்து இருக்கு. அந்தப் பக்கத்துக்காரங்க உங்க சான்றிதழை எடுத்து நீட்டி, இவங்க வாசிக்கத் தெரிஞ்சவங்கன்னா கதை முடிஞ்சுது. பாடம் நடத்துன பொண்ணு, 'இவங்களுக்கு வாசிக்கத் தெரியாது, பரீட்சைய நான்தான் எழுதினேன்'னு எழுதிக் குடுத்தா வழக்கு நடத்திப் பாக்கலாம்."

என்கிட்ட வந்து கேட்டாங்க. நான் எழுதிக் குடுக்கமாட்டேன்னு சொல்லல தம்பி. அதை நீங்க நல்லாப் புரிஞ்சுக்கிடணும். "யோசிச்சுச் சொல்லுதேன்க்கா"ன்னுதான் சொன்னேன்.

அதுக்கு ஒம்பது நாளைக்கு முந்தித்தான் எனக்கு அரசாங்க வேலைக்கு ஆர்டர் வந்திருந்துச்சு. பக்கத்து ஊரு தொடக்கப் பள்ளி. அப்பாவுக்கு இழுப்பு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு கட்டில்ல கெடக்காரு. எனக்குக் கீழ மூணு பேரு. "பொய்ச் சான்றிதழ் குடுத்தேன்னு உன் கையால எழுதிக் குடுத்துட்டு எந்தப் பள்ளிக்கூடத்துல போயி நிப்ப?"ன்னு அப்பா கேட்டாரு. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

ரெண்டாவது தடவை வந்தாங்க. "இன்னும் யோசிச்சு முடியலக்கா"ன்னேன். மூணாவது தடவை வந்தப்போ எங்க அம்மா வெளிய போயி, அவ டவுணுக்குப் போயிருக்கான்னு சொல்லிட்டா. நான் அப்படிச் சொல்லச் சொல்லல. உள்ள இருந்தேன், அவ்வளவுதான். சன்னல் வழியாப் பாத்தேன். என் செருப்பு வாசல்லதான் கெடந்துச்சு. அதைக் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிட்டாங்க. நாலாவது தடவை வரல. வந்திருந்தா ஒருவேளை எழுதிக் குடுத்திருப்பேன்.

நான் வேலையில சேந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணாம் வகுப்பு மூணும் எனக்கு. நாப்பத்தேழு பிள்ளைங்க. நான் நடத்துவேன், அதுகள் கூடச் சேந்து கத்தும். புத்தகத்த மூடச் சொன்னா ஒண்ணும் தெரியாது. அப்பவும் எனக்கு ஒரு குறையும் தெரியல. சத்தம் நல்லா வந்துச்சு, அதையே படிப்புன்னு நெனச்சுக்கிட்டேன்.

பொங்கல் முடிஞ்சு ஒருநா மத்தியானம், பிள்ளைங்க சாப்பிடுத நேரம். பள்ளிக்கூட வராண்டாவுல ஒரு ஆளு வந்து உக்காந்திருக்கு. பூலம்மாக்கா. பீடிக் கட்டைக் கடையில போட்டுட்டு, அப்படியே மூணு கிலோமீட்டர் நடந்து வந்திருக்காங்க. கையில ஒரு சிலேட்டு. சின்னப் பிள்ளை சிலேட்டு, ஓரத்துல செண்பகவல்லின்னு கீறி வச்சிருக்கு.

"எனக்கு வாசிக்கணும்"னு சொன்னாங்க. அவ்வளவுதான். டீச்சர்னு கூப்பிடல.

எனக்கு வந்த சந்தோசத்த என்ன சொல்ல! மன்னிச்சுட்டாங்கன்னு தோணுச்சு. மன்னிக்கலன்னா வருவாங்களா? சுத்துவட்டாரத்துல அந்த நேரத்துல உக்காந்து சொல்லிக் குடுக்க வேற ஆளு இல்லைதான். ஆனாலும் வந்தாங்கள்லா.

மொத நா, பழைய மாதிரி பின்னால போயிக் கையைப் பிடிக்கப் போனேன். கையை உருவிக்கிட்டாங்க. "பிடிக்காதீங்க. நீங்க எழுதிக் காட்டுங்க, நான் பாக்கேன்"னாங்க.

அங்கதான் தம்பி நான் படிச்சேன். 'ப'ன்னு எழுதினா, "இது எதுல வரும்?"ன்னு கேப்பாங்க. சொன்னதும் நம்பமாட்டாங்க. உப்புப் பாக்கெட்டை மடியிலேர்ந்து எடுத்து, "இதுல இருக்கா, காட்டுங்க"ம்பாங்க. பீடிக்கட்டு லேபிளு, தீப்பெட்டி, கல்யாணப் பத்திரிகை, சுவத்துல ஒட்டியிருந்த பழைய எலக்சன் நோட்டீசு, எல்லாத்தையும் கொண்டு வருவாங்க. ஒரு எழுத்து எங்கெங்க இருக்குன்னு அவங்களே விரல் வச்சுக் காட்டுத வரைக்கும் அடுத்த எழுத்துக்கு விடமாட்டாங்க. நான் அவசரப்பட்டு "அது 'மை', வாசிங்க"ன்னு சொல்லிட்டா, சிலேட்டை அழிச்சிட்டு, "சொல்லாதீங்க. எனக்கா வரட்டும்"னு உக்காந்திருப்பாங்க. ஒரு எழுத்துக்குப் பத்து நிமிசம்கூட ஆகும். நான் வாயை மூடிக்கிட்டு இருக்கப் பழகுனது அப்போதான். ஒரு வாத்தியாருக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கெடையாது.

பிள்ளைங்க சாப்பிட்டுட்டு வந்து சுத்தி நின்னு பாக்கும். மறுநா ஒரு பொண்ணு சோப்பு உறையைக் கொண்டு வந்து, "டீச்சர், இதுல 'சோ' இருக்கு"ங்குது. அதுக்கு அடுத்த நா வகுப்பு முழுக்க உறை. நான் புத்தகத்த மூடி வச்சேன். பின்னால அதிகாரிங்க வந்து பாத்தாங்க, பாக்கெட்டு முறைன்னு பேரு வச்சாங்க, எனக்கு விருதும் குடுத்தாங்க. மலர்ல அந்தப் போட்டோதான் போடப் போறீங்க, எனக்குத் தெரியும்.

வெயில்ல நடந்து வாராங்களேன்னு ஒருநா மோர் குடுத்தேன். வேண்டாம்னுட்டாங்க. தண்ணியும் அவங்களே ஒரு பாட்டில்ல கொண்டு வந்துருவாங்க. மோரு வயித்துக்குச் சேராதோ என்னமோ.

ஒருநா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. "அம்மாவுக்கு எழுதுத கடுதாசியில, அம்மாங்கிற வார்த்தை எங்க வரும்?"

"மொத வரியிலயே வரும்க்கா. 'அன்புள்ள அம்மாவுக்கு'ன்னு. உங்க பேர்ல கடைசியா வருதுல்லா 'ம்மா', அதேதான்"னு பெருமையாச் சொன்னேன்.

"மொத வரியிலதானா?"

"ஆமாக்கா."

அன்னைக்குச் சீக்கிரமே போயிட்டாங்க.

பொறவுதான் எனக்கு விசயம் தெரிஞ்சது. தூத்துக்குடியிலேர்ந்து செண்பகம் மாசம் ஒரு கடுதாசி போடுவாளாம். சங்கரபாண்டி வாசிச்சுக் காட்டுவாராம். "அன்புள்ள அம்மாவுக்கு, நான் நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா, உங்க நெனப்பாவே இருக்கு"ன்னு. இவங்க அந்தத் தாளை வாங்கி வச்சுப் பாக்கும்போது, தனக்குத் தெரிஞ்ச அந்த 'ம்மா' மொத வரியில காணல. நடுவுல எங்கயோ கெடக்கு. அதுக்குத்தான் சிலேட்டைத் தூக்கிக்கிட்டு வந்திருக்காங்க. என்கிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பேன். குடுக்கல. மூத்த பிள்ளைகிட்டயும் காட்டலையாம்.

ஏப்ரல் மாசம், பரீட்சை முடியப்போற சமயம். மடியிலேர்ந்து ஒரு இன்லண்டு லெட்டரை எடுத்தாங்க. என்கிட்ட நீட்டல. தன் மடியிலயே விரிச்சு வச்சு, விரலை வச்சு, சத்தமா வாசிக்க ஆரம்பிச்சாங்க. நான் எதுத்தாப்புல உக்காந்து, தப்பு வந்தாத் திருத்தலாம்னு காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

"அன்... புள்... ள..."

நிறுத்தி மூச்சு விட்டாங்க.

"அ... த்... தை... க்கு."

ஐகாரம் அவங்களுக்கு வரவே வராது. மூணு மாசமா 'தை'யைத் 'த'ன்னுதான் வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. தலைகீழா நின்னு பாத்தும் என்னால சரி பண்ண முடியல. அன்னைக்கு, ஒருத்தரு உதவியும் இல்லாம, அவ்வளவு சுத்தமா வந்துச்சு. எனக்கு அந்த வார்த்தை காதுல விழல தம்பி. சத்தியமாச் சொல்லுதேன், அந்த எழுத்துதான் விழுந்துச்சு. கையைத் தட்டிட்டேன். "ரொம்ப சரி!"ன்னு சத்தமாச் சொல்லிட்டேன்.

அவங்க தலை நிமிரல. விரலு அடுத்த வரிக்குப் போச்சு. "நானும் அம்மாவும் அப்பாவும் நலம். அத்தையும் மாமாவும் நலமா? அம்மா எனக்குக் கொலுசு வாங்கித் தந்தார்கள்." முழுசா வாசிச்சாங்க. கடைசியில 'இப்படிக்கு செண்பகவல்லி' வரைக்கும். ஒரு கொம்பு, ஒரு காலு, ஒரு புள்ளி விடல. அவசரமும் படல.

வாசிச்சு முடிச்சிட்டு, கடுதாசிய மடிச்சு உள்ள வச்சுக்கிட்டு, எந்திரிச்சுப் போனாங்க. மறுநா வரல. அதுக்குப் பொறவு வரவேயில்ல.

அன்னைக்குப் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளிய அவங்க போகும்போதுதான், பெத்த பிள்ளை தன்னைய அத்தைன்னு கூப்பிட்டு எழுதினதைத்தான் வாசிச்சாங்கன்னு எனக்குப் புரிஞ்சது.